நாச்சிமுத்துவின் நாக்கும் பன் காளானும்

ஜூன் 8

இந்த நோட்டில் நான் எழுதப்போகும் கதையை இந்தப் பூமியில் ஒருவரும் நம்பமாட்டார்கள். இதை வலது கையை டீத்தூள் டப்பாவின் மேல் வைத்து, பல் துலக்கிய வாயால், முழு நினைவோடு உறுதி கூறுகிறேன். தப்பித்தவறி நம்புகிறவர் யாராவது இருந்தால் மஞ்சூருக்கு வரட்டும். அவருக்கு வேறு என்னென்ன விற்கலாம் என்று பார்க்கிறேன்.

எழுதுபவன் யார் என்று வரலாறு கேட்கும். நாச்சிமுத்து ஆகிய நான் முப்பத்தொரு வருடம் தேயிலை ஃபாக்டரியில் டீ ருசி பார்த்து ஓய்வு பெற்றவன். குந்தா மலைச்சரிவின் சுவைச் சக்கரவர்த்தி. ஒரு கரண்டி டீயை விசில் சத்தத்தோடு உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, மூன்றடி தள்ளியிருக்கும் பித்தளைப் பாத்திரத்தில் துப்பினேன் என்றால், இலை எந்தச் சரிவில் பறித்தது, அன்று மழையா வெயிலா, பறித்த பெண் வீட்டில் புருஷனோடு சண்டையா சமாதானமா என்பது வரை சொல்லிவிடுவேன். நான் உறிஞ்சும் சத்தம் கேட்டு மேட்டுப்பாளையத்தில் ரயில் கிளம்பிவிட்டதாகப் புகார் வந்ததுண்டு.

இப்போது எங்கள் வீட்டு மாடி அறையில் என் அக்கா மகள் மேகலா இருக்கிறாள். தாவரவியல் படித்த பெண். கோவையில் கல்லூரி வேலையை விட்டுவிட்டு, காட்டுக் காளான் பொறுக்கி, காயவைத்து, ஓட்டல்களுக்குக் கொடுக்கப்போகிறேன் என்று மூன்று மாதம் முன்பு வந்தாள். இதுவரை ஒரு ஓட்டலும் சரி என்று சொல்லவில்லை. பெங்களூரில் ஏதோ இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலைக்குக் கடிதம் வந்திருக்கிறது. ஜூலை ஏழாம் தேதி சேர வேண்டும். அதற்குள் ஒரு ஓட்டலாவது பிடித்தால் இங்கே இருப்பாள். இல்லையென்றால் ஏசி அறையில் கம்ப்யூட்டர் தட்டப் போய்விடுவாள்.

அவள் போனால் எனக்கு ஒன்றுமில்லை. மாடியில் சத்தம் குறையும், அவ்வளவுதான்.

ஜூன் 9

மழை. ஜன்னல் வழியாக ஒரு மீன் எட்டிப் பார்த்து, பவானி ஆற்றுக்கு வழி கேட்டுப் போனது.

ஜூன் 11

மேகலா என்னைப் பைன் தோப்புக்கு இழுத்துப்போனாள். என் பழைய எஸ்டேட்டின் தோப்புதான். மேனேஜர் அனுமதி கொடுத்திருக்கிறார். பைன் ஊசி மெத்தை மாதிரி கிடக்கிறது. அதைத் தள்ளிக்கொண்டு மண்ணிலிருந்து ஒரு காளான் எழுந்து நின்றது. பேக்கரியில் அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த பன் போலவே இருந்தது. அதே நிறம், அதே மினுமினுப்பு. மேகலா இதற்கு பொலீட் என்கிறாள். நான் பன் காளான் என்று நாமகரணம் செய்துவிட்டேன். ஒன்று எவ்வளவு பெரிதென்றால், அதன் அடியில் ஒரு நரிக்குடும்பம் மழைக்கு ஒதுங்கியிருந்தது. எங்களைக் கண்டதும் நகர்ந்து இடம் கொடுத்தது.

"மாமா, கதை அப்பறம். முதல்ல கவுத்துப் பாருங்க. அடியில என்ன இருக்குது?"

"மண்ணு."

"மண்ணத் தட்டிவிட்டுட்டுப் பாருங்க!"

பார்த்தேன். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் மாதிரி பொடிப்பொடி ஓட்டை.

"அதுதான் பொலீட்டு. புஸ்தகத் தாளாட்ட மடிப்பு மடிப்பா இருந்துச்சுன்னா அது நம்ம ஆளில்ல, தொடக்கூடாது. ஓட்டை இருந்தாலும் உடனே கூடையில போட்டறக்கூடாது. அடிப்பக்கம் செவப்பா இருக்குதா? வெட்டுனா நீலமாகுதா? ஆச்சுன்னா அக்கட்டால வெச்சுருங்க."

ஒன்றை வெட்டினோம். கண்ணெதிரே கருநீலமாகிவிட்டது. அதில் பேனாவை நிரப்பித்தான் இந்தப் பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றை வெட்டினாள். வெள்ளை வெளேரென்று அப்படியே நின்றது. காம்பு தடியாக, மேல்பாதியில் கொசுவலை போர்த்தியது போல மெல்லிய வலைப் பின்னல்.

"இது?"

"இது நம்ம ஆளு மாமா," என்றாள். அந்தக் காளானை அவள் கையில் ஏந்தியிருந்தாள்; அக்கா இவளைப் பெற்றெடுத்துக் கையில் ஏந்தியிருந்ததுகூட இவ்வளவு பத்திரமாக இல்லை.

ஜூன் 12

காலை காப்பி அருமை. குடித்து முடித்துவிட்டு டம்ளரை வைத்தேன். சாரதாமணி வந்து டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, சர்க்கரைன்னு நெனச்சு உப்பைப் போட்டுட்டனுங்க. முழுசாவா குடிச்சீங்க?"

முப்பத்து நான்கு வருடம் கூட வாழ்ந்த மனைவியின் மனம் நோகக்கூடாது என்று குடித்ததாகச் சொன்னேன். அவள் நம்பவில்லை. என் பெருந்தன்மையை இந்த வீட்டில் எப்போதுமே யாரும் நம்பியதில்லை.

சித்திரையில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு பொதுவாகவே ஊரில் சமையலின் தரம் குறைந்துவிட்டது. எந்த வீட்டிலும் யாரும் உப்புப் போடுவதில்லை. மிளகாயெல்லாம் சோளத்தட்டை மாதிரி இருக்கிறது. விவசாயத்தின் வீழ்ச்சி.

ஜூன் 14

பெரிய செய்தி! ஊட்டியில் ஒரு பெரிய ஓட்டலின் தலைமைச் சமையல்காரர் பெனடிக்ட் வருகிற 22ஆம் தேதி மதியம் எங்கள் வீட்டுக்கே சாப்பிட வருகிறார். காளான் பிடித்துவிட்டால் சீசன் முழுவதும் மேகலாவிடமே எடுத்துக்கொள்வார். அவள் மாடிப்படியை நாலு நாலாகத் தாண்டிக் குதித்து இறங்கினாள். மலை ஓரங்குலம் கீழே இறங்கியது.

இறங்கியவள் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். முகம் மாறிவிட்டது.

"ஒரு சிக்கல் இருக்குது மாமா. பன் காளானுக்கு ஒரு ரெட்டைப் பொறவி இருக்குது. அச்சு அசல் அதேதான். விஷமில்ல. ஆனா வேப்பங்காயாட்டக் கசக்கும். ஒரே ஒண்ணு சட்டியில விழுந்தாப் போதும், மொத்தச் சட்டியும் குப்பைக்குத்தான்."

"கண்டுபிடிக்க வழியில்லையா?"

"இருக்குது. நல்லதுக்குக் காம்புல வலை வெள்ளையா இருக்கும், கசப்புக்குப் பழுப்பா இருக்கும். வயசாச்சுன்னா நல்லதுக்கு அடி மஞ்சளாகும், கசப்புக்கு ரோஸாகும். ஆனா சின்னதுல ரெண்டும் ஒண்ணாட்டத்தான் தெரியும். ஒரு துணுக்குக் கிள்ளி, மென்னு, துப்பிப் பாத்தா உடனே தெரிஞ்சுபோகும். நான் நாலு மென்னா நாக்கு மரத்துப்போகுது மாமா. நீங்க ஒரு நாளைக்கு முந்நூறு கப்பு பாத்தவரு. மத்ததெல்லாம் நான் பாத்து எடுத்தர்றேன். கடைசி டெஸ்ட் மட்டும் உங்க நாக்கு. பண்ணுவீங்களா?"

மறுக்க நேரம் இருந்தது. வாயும் இருந்தது. இரண்டையும் நான் பயன்படுத்தவில்லை.

"குந்தாச் சக்கரவர்த்தியிடமே கேக்கிறாயா!" என்று மீசையைத் தடவினேன். சாரதாமணி அடுக்களை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 17

கரண்டி, பித்தளைப் பாத்திரம், வெள்ளைத் துண்டு எல்லாம் பரணிலிருந்து இறங்கின. பயிற்சி எடுக்கிறேன். பாவக்காய் ஒரு துண்டு மென்று பார்த்தேன்.

இந்த வருடம் பாவக்காயும் சரியில்லை.

ஜூன் 21

நாளை விருந்து. இன்று மதியம் மேகலா நாற்பத்து மூன்று பன் காளான்களைத் துடைத்து வரிசையாக வைத்தாள். நான் நாற்காலியில் அமர்ந்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு துணுக்கு. மெல்ல வேண்டியது, கண்ணை மூட வேண்டியது, துப்ப வேண்டியது. உறிஞ்ச ஒன்றுமில்லை என்றாலும் மரபு கருதி உறிஞ்சினேன். பக்கத்து எஸ்டேட்டில் கூரைத் தகடு இரண்டு பெயர்ந்து போயிற்று.

"பாஸ்." "பாஸ்." "இது தேன்!" "பாஸ்."

முப்பதாவதோ முப்பத்தொன்றாவதோ கையில் எடுத்தபோது அடிப்பக்கம் கொஞ்சம் ரோஸாக இருப்பது போலத் தெரிந்தது. மேகலா அந்த நேரம் பார்த்து போன் பேச எழுந்து போயிருந்தாள். சாயங்கால வெளிச்சத்தில் உலகத்தில் எல்லாமே கொஞ்சம் ரோஸாகத்தான் தெரியும். மென்றேன். துப்பினேன்.

திரும்பி வந்தவள், "எப்படி மாமா?" என்றாள்.

"பாஸ்," என்றேன்.

நாற்பத்து மூன்றும் பாஸ். என் பள்ளிக்கூடத்தில்கூட இப்படி ஒரு ரிசல்ட் வந்ததில்லை.

ஜூன் 22

பெனடிக்ட் வந்தார். உயரம் எட்டடி. சரி, ஆறடி. வெள்ளை முடி, மெதுவான பேச்சு. கூடையிலிருந்த காளான்களைப் பார்த்ததும், "இவ்ளோ சுத்தமா யாரும்மா துடைச்சது?" என்று கேட்டார். மேகலாவின் காது சிவந்தது.

சாரதாமணி வெண்ணெயில் பூண்டு தட்டிப்போட்டு மிளகு வறுவல் செய்தாள். மேகலா சூப் வைத்தாள். வாசனை வீட்டை நிறைத்ததாம். அவர்கள் சொன்னார்கள்.

எல்லோரும் ஒரே நேரத்தில் முதல் கவளம் எடுத்தார்கள்.

நான் தட்டில் கவனமாக இருந்தேன். வறுவல் மிருதுவாக இருந்தது. இரண்டாம் கவளம் போட்டுக்கொண்டு, "அருமை! அமிர்தம்! பெனடிக்ட் சார், இந்த மாதிரி ஒன்றை உங்கள் ஆயுளில்—" என்று தொடங்கி நிமிர்ந்து பார்த்தேன்.

பெனடிக்ட் கைக்குட்டையை வாயில் வைத்திருந்தார். மேகலா தண்ணீர் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாரதாமணி முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டே என் தட்டைப் பார்த்தாள். அதில் பாதி காலியாகியிருந்தது.

மழைகூட அந்த நேரம் பார்த்து நின்றுவிட்டது.

"எத்தனை நாளா இப்படிங்க?" என்றாள் சாரதாமணி, மிக மெதுவாக.

நான் மூன்றாம் கவளத்தை எடுத்துவிட்டிருந்தேன். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டேன்.

பெனடிக்ட் நல்ல மனிதர். கோபப்படவில்லை. "கசப்பு ஆளைக் கொல்லாதும்மா. ஆனா என் கெஸ்ட் தட்டுல இப்படி ஒண்ணு வந்தா எனக்கு வேலை இருக்காது. தப்பா நினைக்காதே," என்றார். தயிர்ச்சாதம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். மேகலா கேட் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து, பாத்திரம் தேய்த்தாள். எல்லாப் பாத்திரத்தையும். தேய்த்ததையே மறுபடியும்.

ஜூன் 23

இன்று குறிப்பிடும்படி ஒன்றுமில்லை. மாடியில் பெட்டி இழுக்கும் சத்தம்.

ஜூன் 24

மாடி ஏறிப் போனேன். பதினாறு படி. எவரெஸ்ட் இதைவிடச் சுலபம். அங்கே மேலே யாரும் கோபமாக இருப்பதில்லை.

துணி மடித்துக்கொண்டிருந்தாள். "காய்ச்சலுக்கு அப்பறம் நாக்குல ஒண்ணும் தெரியறதில்ல புள்ளே," என்றேன். "சொன்னா சிரிப்பாங்கன்னு சொல்லல."

"நாக்குப் போனதுக்கு எனக்குக் கோபமில்ல மாமா. அது யாருக்கு வேணா வரும்." ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். "அந்த ரோஸ் அடி. வெட்டிப்போட்ட மிச்சத்துல பாத்தேன். உங்க கையில எடுத்திருக்கீங்க. நான் சொல்லிக் குடுத்திருந்தேன். உங்களுக்குத் தெரிஞ்சுதா, தெரியலையா? அதை மட்டும் சொல்லுங்க."

என்னிடம் அந்தக் கணம் பதினெட்டுப் பதில்கள் இருந்தன. சாயங்கால வெளிச்சம், கண்புரை, ஒரு கரடி குறுக்கே வந்தது.

"தெரிஞ்சுது," என்றேன்.

அவள் அந்தச் சட்டையைப் பெட்டியில் வைத்தாள். நான் இறங்கிவிட்டேன்.

ஜூன் 25

காலை முதல் பஸ்ஸில் ஊட்டி போனேன். ஓட்டலின் முன்வாசலில் என்னை விடவில்லை. பின்வாசல் வழியாக அடுக்களைக்குப் போனேன். உள்ளே பத்துப் பேர் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் இரண்டு பேர் எங்கள் ஊர்ப் பையன்கள், "அட, டீ டேஸ்டர் நாச்சிமுத்து ஐயா!" என்று எழுந்து நின்று, மற்றவர்களுக்கு என் நாக்கின் பெருமையை விளக்க ஆரம்பித்தார்கள். ரயில் கதையைக்கூடச் சொன்னார்கள். இதைவிட நல்ல நேரம் வேறு கிடைத்திருக்காது.

பெனடிக்ட் வந்தார். அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன்: என் நாக்கு செத்து இரண்டு மாதமாகிறது, அந்தக் காளானை நான் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டேன், பெண் சொல்லிக்கொடுத்தது சரி, தப்பு என்னுடையது.

கத்திச் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. எங்கள் ஊர்ப் பையன்கள் தரையைப் பார்த்தார்கள்.

பெனடிக்ட் கேட்டார்: "நாக்கு இல்லாம, கண்ணால மட்டும் பிரிக்க முடியுமா?"

"அந்தப் புள்ளையால முடியுமுங்க."

"உங்களால?"

இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "கத்துக்கறேனுங்க."

"ஜூலை அஞ்சு எனக்கு லீவு. வர்றேன். நீங்க ரெண்டு பேரும் பிரிச்சு வையுங்க. சமைக்கிறது நான்," என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸுக்கு மூன்று யானைகள் வழிவிட்டு ஓரமாக நின்றன. ஒன்று தும்பிக்கையைத் தூக்கியது. சலாமா, சிரிப்பா என்று கேட்கவில்லை.

ஜூன் 26

சொன்னேன். மேகலா பெட்டியைத் திறந்து பூதக்கண்ணாடியை எடுத்து என் கையில் வைத்தாள். மற்றதை எடுக்கவில்லை. பெட்டி திறந்தபடியே கிடக்கிறது.

ஜூன் 28

வெள்ளை வலை, பழுப்பு வலை. வெள்ளை வலை, பழுப்பு வலை. கண்ணை மூடினாலும் கொசுவலையாகத் தெரிகிறது. இன்று சாரதாமணியின் வெள்ளைச் சேலையைப் பார்த்து "பாஸ்" என்று சொல்லிவிட்டேன். "பாஸாகி முப்பத்து நாலு வருசமாச்சுங்க," என்றாள்.

இன்னொரு வித்தை: காளான் தலையை வெட்டி, அடிப்பக்கம் கீழே இருக்கும்படி வெள்ளைத்தாள் மேல் வைத்து, டம்ளரால் மூடிவிட வேண்டும். மறுநாள் காலையில் தாளில் பொடி படிந்திருக்கும். நல்லதன் பொடி ஆலிவ் எண்ணெயைப் பழுப்பில் கலந்தது மாதிரி. கசப்பின் பொடி செங்கல்லை ரோஸில் தேய்த்தது மாதிரி. எந்த மரத்தடியில் எது முளைக்கிறது என்று இதை வைத்து மேகலா வரைபடம் போடுகிறாள்.

வெள்ளைத்தாள் தீர்ந்துவிட்டது. தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் வெள்ளைதான். ஆகஸ்ட் மாதம் முழுவதையும் கிழித்துவிட்டேன். எங்கள் வீட்டில் இந்த வருடம் ஆகஸ்ட் கிடையாது.

ஜூலை 1

முப்பது காளான். சாரதாமணி எண் போட்டு வைத்தாள், நானும் மேகலாவும் தனித்தனியே பிரித்தோம். நான்கில் தவறு செய்தேன்.

"எதுல சந்தேகமோ அதைத் தூக்கிப் போட்டுருங்க மாமா. கூடை ரொம்பணும்னு யாரும் கேக்கல."

இந்த வாக்கியத்தை என் வாழ்க்கையில் முன்பே யாராவது சொல்லியிருந்தால், நான் பாதிக் கதைகளைச் சொல்லியே இருக்கமாட்டேன்.

ஜூலை 4

இருபத்தெட்டு. தவறு இல்லை. ஒன்பதைச் சந்தேகத்தில் தூக்கிப் போட்டேன். மேகலா அந்த ஒன்பதையும் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அதில் ஆறு நல்லதுதானாம். "பரவால்ல," என்றாள். பதினொரு நாளில் முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். அல்லது தும்மல் வந்திருக்கலாம்.

ஜூலை 5

பெனடிக்ட் தன் சட்டி, தன் கத்தி, தன் வெண்ணெயோடு வந்தார். எங்கள் கூடை சிறியது. அதில் பத்தொன்பது. ஒவ்வொன்றையும் கவிழ்த்து, வலையைப் பார்த்து, வெட்டி, மொத்தத்தையும் ஒரே சட்டியில் போட்டார். ஒன்று தவறினாலும் எல்லாம் போயிற்று.

எனக்கும் ஒரு தட்டு வந்தது. எனக்கு அது வெறும் மிருதுவான எதுவோதான். அதனால் நான் சாப்பிடாமல் முகங்களைப் பார்த்தேன். முதலில் சாரதாமணி. அவள் மென்றாள். விழுங்கினாள். இன்னொன்று எடுத்தாள். மேகலா கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டாள்; மூடிய கண் வெகுநேரம் திறக்கவில்லை, பிறகு திறந்தது. பெனடிக்ட் மூன்றாவது கவளத்துக்குப் போய்விட்டார். மனிதர் பேசவே இல்லை.

"ஏனுங்க சார், ஏதாவது சொல்லுங்க," என்றேன்.

"வாயில வெச்சுக்கிட்டு எப்படிங்க பேசறது?" என்றார்.

சட்டியை ரொட்டித் துண்டால் துடைத்துத் தின்ற பிறகு சொன்னார்: "வாரம் ரெண்டு கூடை. சின்னக் கூடையே போதும். இதே மாதிரி பிரிச்சு வரணும். பிரிக்கிற ஆளை மாத்தக்கூடாது."

"ரெண்டு பேர் பிரிக்கிறோம் சார்," என்றாள் மேகலா.

"அதான் சொல்றேன்."

ஆகாயத்திலிருந்து பூமழை பொழிந்தது. சரி, தூறல்.

ஜூலை 6

மேகலா பெங்களூருக்கு போன் செய்து வரவில்லை என்றாள். மாடியில் சத்தம் குறையவில்லை. எனக்கு ஒன்றுமில்லை.

ஜூலை 9

இந்த நோட்டு இன்றோடு தீர்கிறது. வரலாற்றின் மேல் உள்ள மரியாதையால் கணக்கை நேர் செய்துவிடுகிறேன்.

நரிக்குடும்பம் பொய். மீன் பொய். யானைகள் வரவில்லை, வழியில் நின்றது ஒரு எருமை, அது வழிவிடவும் இல்லை. கூரைத் தகடு காற்றில் பெயர்ந்தது. முப்பத்தொரு வருடம் என்பதும் இருபத்தாறுதான். மீதி ஐந்து வருடம் இலை எடைபோடும் தராசில் நின்றேன். பெனடிக்ட் என்னைவிட உயரம் கம்மி.

இன்னொன்றும் நான் எழுதாமல் விட்டிருக்கிறேன். அந்த விருந்துக்கு மறுநாளிலிருந்து, தூக்கிப்போட்ட கசப்புக் காளானில் ஒரு துணுக்குக் கிள்ளி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், தினமும் காலையில் மென்று துப்பிவந்தேன். பதினாறு நாள். பதினாறு நாளும் தக்கை.

இன்று காலை மென்றேன். துப்பப் போனேன். நாக்கின் ஆகக் கடைசியில், தொண்டைக்குப் பக்கத்தில், கடுகளவு இடத்தில் என்னமோ சுருக்கென்றது. துப்பாமல் நின்றேன். அது பரவியது. முகம் தானாகக் கோணியது. கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னொரு துணுக்குக் கிள்ளிப் போட்டுக்கொண்டேன்.

துணி காயப்போட வந்த சாரதாமணி பார்த்துவிட்டு வாளியைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, என்ன மூஞ்சி இப்படிப் போகுது? எதைத் தின்னு போட்டீங்க?"

சொன்னேன். அவள் நம்பவில்லை. மாடியிலிருந்து எட்டிப் பார்த்த மேகலாவும் நம்பவில்லை. "மாமா, காலங்காத்தாலயே ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றாள்.

எழுதிய எல்லாவற்றையும் நீங்கள் நம்பாமலே இருக்கலாம். இந்த ஒன்று மட்டும் நிஜம்: கசந்தது.